செங்கல் சுவரைப் படம் எடுப்பவர்கள்

புதிதாக லென்ஸ் வாங்கியவர்கள் அதைக் கொண்டு முதலில் எடுக்கும் படம் பெரும்பாலும் ஒரு செங்கல் சுவராக இருக்கிறது. நல்ல சுவர் அகப்படாவிட்டால் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தைக் கதவில் ஒட்டி எடுக்கிறார்கள். பிறகு அந்தப் படத்தைக் கணினியில் ஏற்றி, முழு அளவுக்குப் பெரிதாக்கி, நான்கு மூலைகளுக்கும் போய்ப் பார்க்கிறார்கள். இடது கீழ் மூலையில் எழுத்து கொஞ்சம் கரைந்திருந்தால் அன்றைய நிம்மதி போய்விடுகிறது. இப்படிச் சோதிப்பதில் தவறு ஏதும் இல்லை. பெரும் பணம் கொடுத்து வாங்கிய பொருளில் கண்ணாடிகள் கோணாமல் அமர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும், நானும் பார்ப்பேன். என் கவலை வேறு. பலர் அந்தச் சுவரை விட்டு நகர்வதே இல்லை.

என்னிடம் ஆலோசனை கேட்கிறவர்கள் "எந்த லென்ஸ் ஷார்ப்பாக இருக்கும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் ஒரு தயக்கம் வருகிறது. "எல்லாம்தான்" என்பது வழக்கமான பதில். இதற்கு அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கூர்மை அளக்கக்கூடியது. ஒரு மில்லிமீட்டருக்குள் 10 கோட்டு இணைகளை (ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை சேர்ந்தது ஓர் இணை), 30 கோட்டு இணைகளை ஒரு லென்ஸ் எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதற்குத் தயாரிப்பாளர்களே வரைபடம் வெளியிடுகிறார்கள். இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்தால் எது மேல் என்று சொல்லிவிடலாம். படத்தில் நிற்பவர் யார், அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்தது, அதை ஏன் இன்னொருவர் பார்க்கவேண்டும் என்பதற்கு வரைபடம் கிடையாது. அளக்க முடிந்ததைப் பற்றியே பேச்சு போவது மனித இயல்பு.

கூர்மை தேவையா, பொருள் தேவையா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. படம் எடுப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பார்க்கப் போகிறவர் இதில் எதைத் தேடுவார்? பதில் கிடைத்தால் எவ்வளவு கூர்மை வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 1858இல் ஒருவர் படம் எடுத்தார். லின்னேயஸ் டிரைப் என்ற அவர் சென்னைப் படையில் கேப்டன். சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக நியமிக்கப்பட்டு மதுரை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று பெரிய கேமராவோடு சுற்றியவர். தஞ்சைக் கல்வெட்டை ஒரே சட்டத்தில் அடக்க முடியாது. கேமராவைச் சுவரையொட்டி நகர்த்தி நகர்த்திப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக ஆக்கினார். அந்தப் படத்தில் வானமில்லை, மனிதரில்லை, கண்ணை இழுக்கும் ஒளியும் இல்லை. அழகான படம் என்று அதை யாருக்கும் காட்டமாட்டேன். ஆனால் அதைப் பார்ப்பவர் எழுத்தைத் தேடுவார். ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்தவற்றைச் சொல்லும் எழுத்து அது. அங்கே ஒரு சுழி மங்கினால் படத்தின் பொருளே மங்குகிறது. கூர்மையும் பொருளும் ஒன்றாகிவிடும் இடம் அது. இந்த வேலை அதிக காலம் நீடிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதை வீண் ஆடம்பரச் செலவாகக் கண்டு 1860 வாக்கில் நிறுத்திவிட்டார்.

கூர்மையும் பொருளும் ஒன்றாகும் கதை எங்கள் நெல்லைப் பக்கத்துக் கூந்தன்குளத்திலும் உண்டு. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் அங்கே வந்து இறங்குகின்றன. மங்கோலியாவில் ஆய்வாளர்கள் கழுத்தில் பட்டை மாட்டி அனுப்பிய இவ்வினப் பறவைகளைத் தென்னிந்திய ஏரிகளில் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பட்டையில் உள்ள எழுத்தும் எண்ணும் படத்தில் தெரிந்தால், அந்தப் பறவை எந்த ஆண்டு எந்த ஏரிக்கரையில் பிடிபட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். தெரியாவிட்டால் அது வெறும் வாத்துப் படம். பறவைக்காரர்கள் பெரிய லென்ஸுக்குச் செலவழிப்பதைக் கேலி செய்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

ஆனால் அந்தக் குளக்கரையிலேயே லென்ஸ் தோற்பதையும் பார்க்கலாம். காலை பத்து மணிக்குமேல் வெயில் ஏறியதும் தண்ணீருக்கும் கரைமண்ணுக்கும் மேலே காற்று நெளியத் தொடங்குகிறது. அந்த நெளிவின் ஊடே வரும் ஒளியை எந்த விலையுள்ள கண்ணாடியாலும் நேராக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர் மாறி மாறி லென்ஸைத் துடைப்பார். குற்றம் லென்ஸில் இல்லை. விடியற்காலையில் வந்து, மண்ணில் படுத்து, இன்னும் கொஞ்சம் நெருங்கியிருந்தால் பாதி விலை லென்ஸே போதும்.

மங்கலான படங்களில் பெரும்பாலானவற்றுக்கு லென்ஸ் காரணமல்ல என்பது என் நெடுநாள் எண்ணம். கை ஆடுகிறது. ஆள் அசைகிறார். குவியம் (ஃபோகஸ்) கண்ணில் அமராமல் காதில் அமர்கிறது. முன்பக்கக் கண்ணாடியில் விரல் எண்ணெய் படிந்திருக்கிறது. "எல்லாம் தெளிவாக வரட்டும்" என்று லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 16க்கும் அப்பால் சுருக்குகிறவர்கள் உண்டு (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). சின்னத் துளையில் ஒளி விளிம்பில் வளைந்து பரவும் என்பதால், எஃப் 16இல் காட்சியின் ஒரு புள்ளி, படம் பதியும் சென்சாரின்மேல் சுமார் 21 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகல வட்டமாகத்தான் விழும். இரண்டு கோடியே நாற்பது லட்சம் பிக்சல்கள் கொண்ட முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான். அதாவது கூர்மைக்காகச் செய்த காரியமே கூர்மையைக் கரைக்கிறது. இவ்வளவையும் தாண்டி வந்த படத்தைக் கைபேசியில் பார்க்கிறோம். சாதாரணக் கைபேசித் திரை காட்டுவது இருபது லட்சம் பிக்சல்களைத்தான். மூலைக் கூர்மைக்காகக் கொடுத்த கூடுதல் பணம் அந்தத் திரையில் எங்கே தெரியும்?

கூர்மை பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற நிழற்படக்காரர். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்லஸ் ஹே கேமரன், 1833இன் கோல்புரூக்–கேமரன் சீர்திருத்தங்கள் என்று இலங்கை வரலாற்றுப் பாடநூல்களில் வருகிறாரே, அதே கேமரன். இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்தபோது, 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. நிலக்கரி போட்டுவைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கோழிகளை வெளியேற்றிவிட்டு, கண்ணாடி வேய்ந்த கோழிக்கொட்டகையைப் படப்பிடிப்பு அறையாக்கினார். பயிற்சி சொல்லித்தர ஆள் இல்லை.

அந்தக் காலக் கண்ணாடித் தகடு ஊதா, நீல ஒளிக்கே அதிகம் மசியும். கண்ணுக்குத் தெரியும் குவியம் ஓரிடம், தகடு உணரும் குவியம் இன்னோரிடம் என்று பல லென்ஸ்கள் ஏமாற்றின. அவருடைய மங்கலுக்கு அதையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அவர் சொன்னது வேறு. முதல் வெற்றிகள் தற்செயலாக அமைந்தவை என்று ஒப்புக்கொண்டு, கூடவே ஒன்றைச் சேர்த்தார்: குவியத்தைத் திருகிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு மிக அழகாக ஒன்று தோன்றினால், மற்ற நிழற்படக்காரர்கள் வற்புறுத்தும் கூர்மை வரை போகாமல் அங்கேயே நின்றுவிடுவாராம். நான் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து கேட்ட அறிவுரைகளில் இதற்கு இணையாக எதுவும் இல்லை.

லண்டன் நிழற்பட இதழ்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. தகட்டில் விரல் தடம், தூசி, கீறல், முகமோ தெளிவில்லை. குவியம் என்றால் என்ன, இதுதான் முறையான குவியம் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்று அவர் 1864இல் தன் நண்பரும் வானியலாளருமான ஜான் ஹெர்ஷலுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஹெர்ஷலையே 1867இல் படம் எடுத்தார். கலைந்த வெள்ளைமுடி, இருளிலிருந்து வெளிப்படும் முகம், ஈரமான கண்கள். அதே ஆண்டில் எடுத்த எழுத்தாளர் தாமஸ் கார்லைல் படம் இன்னும் மங்கல். நிமிடக்கணக்கில் தகட்டைத் திறந்து வைத்திருக்கவேண்டிய காலத்தில் எந்த மனிதர் அசையாமல் இருப்பார்? அதன் கீழ் கேமரன், மைக்கலாஞ்சலோ செதுக்கத் தொடங்கிய முரட்டுக் கல் போன்ற கார்லைல் என்ற பொருளில் எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு சார்லஸ் டார்வின் வந்து உட்கார்ந்தார். தன்னை எடுத்த படங்களிலெல்லாம் இதுதான் தனக்கு அதிகம் பிடித்தது என்று டார்வின் எழுதிக் கொடுத்தார். சிட்டுகளின் அலகை ஒன்றோடொன்று ஒப்பிட்டவர் அவர், விவரத்தின் அருமை தெரியாதவரல்லர்.

1875இல் கேமரன் தம்பதியர் தங்கள் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜூலியா அங்கும் படம் எடுத்தார். களுத்துறையிலும் தோட்டங்களிலும் கண்ட எளிய மனிதர்களைக் கேமரா முன் நிறுத்தினார். தமிழ்நாட்டிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களும் அவர்களில் உண்டு. 1879இல் இறந்தார், பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். இலங்கையில் எடுத்தவற்றில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதுதான் என் மனம் அடித்துக்கொள்கிறது. வைட் தீவில் அவர் எடுத்தவர்களில் வீட்டு வேலைக்கு இருந்த மேரி ஹில்லியரின் பெயர்கூட நமக்குத் தெரியும். இலங்கைப் படங்களில் ஒன்றின் தலைப்பு, 1878இல், களுத்துறைக் குடியானவர்கள் குழு என்பதோடு நின்றுவிடுகிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பெயர் என்ன? எந்த ஊர்? பிள்ளைகள் இருந்தார்களா? உலகின் மிகச் சிறந்த லென்ஸைக் கொண்டு எடுத்திருந்தாலும் அது நமக்குக் கிடைத்திருக்காது. ஒரு பென்சில் வரியால் கிடைத்திருக்கும்.

மங்கலைப் புகழ்வதாக யாரும் இதைப் புரிந்துகொள்ளக்கூடாது. கேமரனுக்குப் பின் வந்த ஒரு தலைமுறை, மங்கலாக இருந்தாலே கலை என்று நினைத்துப் படங்களைப் பனிமூட்டமாக்கியது. அது சலித்துப்போய்த்தான் 1932இல் அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலிய நிழற்படக்காரர்கள் சேர்ந்து, மிகச் சிறிய துளையான எஃப் 64இன் பெயரிலேயே ஒரு குழு அமைத்தார்கள். வெஸ்டன் 1930இல் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த குடைமிளகாயைப் பாருங்கள். அதன் தோலின் ஒவ்வொரு மடிப்பும் தெரிவதால்தான் அது சந்தைக் காய் என்பதை மறக்கிறோம். அங்கே கூர்மையை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. வெஸ்டன் அதில் எதைத் தேடினாரோ அதற்குக் கூர்மை வேண்டியிருந்தது.

1948 ஜனவரி 30 இரவு, தில்லி பிர்லா இல்லத்தின் வாயிலில் நின்று காந்தி இறந்ததை நேரு மக்களுக்குச் சொல்கிறார். அன்று பிற்பகலில்தான் காந்தியைச் சந்தித்திருந்த பிரெஞ்சு நிழற்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் அந்தக் காட்சியை எடுத்தார். விளக்கொளி தவிர வேறு வெளிச்சம் இல்லை. நேருவின் முகம் மங்கல், சுற்றி நிற்பவர்கள் இன்னும் மங்கல். லென்ஸ் சோதனைக்கு அனுப்பினால் முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார்கள். அந்த மங்கல் படத்துக்கு அழகு சேர்த்தது என்று சிலர் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. இன்றைய கேமரா அன்று அவர் கையில் இருந்து, நேருவின் கண்கள் தெரிந்திருந்தால் நான் மகிழ்ந்தே இருப்பேன். ஆனால் தெரியாததால் ஒரு குறையும் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படத்தில் நான் தேடுவது, அந்த வாயிலில் அந்த இரவில் ஒருவர் நின்றார் என்பதை. அது இருக்கிறது.

இனி எங்கள் வீட்டுப் படங்கள். அம்பாசமுத்திரத்தில் பெரியம்மா வீட்டில் இரண்டு உண்டு. ஒன்று 1950களில் ஸ்டுடியோக்காரரை வரவழைத்து எடுத்த குடும்பப் படம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, துளையைச் சுருக்கி, எல்லோரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்லி, பெரிய தகட்டில் எடுத்து அப்படியே அச்சிட்டிருக்கிறார். பூதக்கண்ணாடி வைத்தால் ஒவ்வொரு முகமும் தனியே எழுந்து வருகிறது. அசைந்த ஒரு குழந்தை மட்டும் புகைபோல் இருக்கிறது. ஆச்சியின் காதில் தொங்கும் பாம்படத்தின் அடுக்குகளை எண்ணலாம். அந்த நகை பிற்பாடு அழிக்கப்பட்டுவிட்டது. பேத்திகளுக்கு அதன் வடிவம் இந்தப் படத்திலிருந்துதான் தெரியும். பெயர் தெரியாத அந்த ஸ்டுடியோக்காரருக்கும் அவருடைய நல்ல கண்ணாடிக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பின்வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் யார் என்று இன்று பெரியம்மாவுக்கே தெரியவில்லை. மீசையின் மயிர் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

மற்றது, குவியத்தைத் துல்லியமாக வைக்க வழியில்லாத ஒரு எளிய கேமராவில் மாமா எடுத்தது. களத்தில் நெல் தூற்றிவிட்டு நிற்கும் தாத்தா, யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரிக்கிறார். மாமா மிக அருகில் போய்விட்டதால் பின்னால் உள்ள வைக்கோல்போர் தெளிவாகவும் தாத்தா மங்கலாகவும் வந்திருக்கிறார். தாத்தா சிரிக்கும் படம் இது ஒன்றுதான். இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் தேர்ந்தெடுக்கமாட்டேன். ஆச்சியின் காதைத் தேடினால் முதல் படம். தாத்தாவின் சிரிப்பைத் தேடினால் இரண்டாவது.

இந்த விஷயத்தில் என்னோடு மாறுபடும் நண்பர் ஒருவர் வலுவான ஒரு வாதம் வைத்திருக்கிறார். தெளிவாக எடுத்ததைப் பிறகு மங்கலாக்கிக்கொள்ளலாம். மங்கலாக எடுத்ததில் இல்லாத விவரத்தை வரவழைக்க முடியாது. ஆகவே கிடைப்பதில் மிகக் கூர்மையான லென்ஸை வைத்திருப்பதே புத்தி என்பார். பாதி சரி. ஆனால் அந்தக் கூர்மையான லென்ஸ் எடை அதிகம், விலை அதிகம், கோயில் திருவிழாவுக்கு எடுத்துப்போக மனம் வராது, கூட்டத்தில் இடித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அலமாரியில் இருக்கும் லென்ஸுக்குக் களத்துமேட்டுச் சிரிப்பு சிக்காது. எஃப் 1.8 துளையுள்ள சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸை முழுக்கத் திறந்தால் ஓரங்கள் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும், எஃப் 5.6க்கு வந்தால் வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்கு ஒரு குறையும் தெரியாது. மிச்சப் பணத்தில் ஊருக்குப் போய்வர டிக்கெட் வாங்கலாம் என்றுதான் நான் சொல்வேன்.

நண்பரின் வாதத்தில் ஒரு பகுதி இப்போது மாறிவிட்டது. இல்லாத விவரத்தை வரவழைக்கும் செயலிகள் வந்துவிட்டன. ஒன்றுவிட்ட தம்பி, தாத்தாவின் மங்கலான படத்தை அப்படி ஒன்றில் கொடுத்து, கூர்மையாக்கிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. பற்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லோரும் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னார்கள். ஒரு சித்தப்பா அதைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம்போட்டு மாலையும் போட்டுவிட்டார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தாவின் மோவாயில் ஒரு மரு இருந்தது. அத்தைமார் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் மரு. மாமா எடுத்த படத்தில் அது ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரியும். செயலி அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. அந்த இமைகளும் பற்களும், செயலி படித்த வேறு யார் யாரோ முகங்களைக் கொண்டு ஊகித்தவை. படம் கூர்மையாகியிருக்கிறது, தாத்தாவைப் பற்றிய செய்தி குறைந்திருக்கிறது.

தம்பியிடம் பேசினேன். அன்பினால் செய்த காரியம், அழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கூர்மையாக்கிய படத்தின் கோப்புப் பெயரில், இது செயலி வரைந்தது என்று தெளிவாகச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்துவிட்டான். மாமாவின் நெகட்டிவைத் தேடி எடுத்து, உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்து, திருத்தம் எதுவும் செய்யாமல் குழுவில் போட்டேன். ஸ்டுடியோப் படத்தையும் ஸ்கேன் செய்து பின்வரிசையில் நிற்பவர்களுக்கு எண் போட்டு, கடையத்திலும் தென்காசியிலும் உள்ள வயதான உறவினர்களுக்கு அச்செடுத்து அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் எண்ணும் ஏழாம் எண்ணும் யாரென்று தெரிந்துவிட்டது. மற்றவர்களைப் பற்றிக் கடையத்து அத்தையிடம் கேட்க அடுத்த வாரம் போகிறேன்.